உறுதியில்லாக் காணியும் மூலமில்லா வரைபடமும்

சித்திரை பிறக்கிறது. குரோருட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் குவித்த பனி இன்னும் முழுதாக உருகவில்லை. ஆனாலும் எங்கள் வீடுகளில் மருத்துநீருக்கும் கைவிசேஷத்துக்கும் ஆயத்தம் நடக்கிறது. வருஷா வருஷம் இப்படியான மலர்களில் புதுவருடம் பிறக்கும் நேரம் அச்சாகும். கவனித்திருப்பீர்கள். ஒரு நேரம் அல்ல, இரண்டு நேரம் இருக்கும். வாக்கிய பஞ்சாங்கப்படி இத்தனை மணி, திருக்கணித பஞ்சாங்கப்படி இத்தனை மணி என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். இரண்டையும் கூட்டி இரண்டால் பிரித்து நடுவில் ஒரு நேரம் போட்டால் என்ன எண்டு இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எது எங்கிருந்து வந்தது என்று சொல்லியிருப்பதால் அவரவர் தங்கள் வழக்கப்படி எடுத்துக்கொள்கிறார்கள். சண்டையும் இல்லை, குழப்பமும் இல்லை.

இந்தச் சின்ன விஷயத்துக்குள் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. அதை நான் ஒரு பிழை விட்டுத்தான் படித்தேன். அந்தக் கதையையும், அதோடு சேர்ந்த கொஞ்சச் சரித்திரத்தையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

நான் பேராசிரியர் இல்லை. 2008 இல் யாழ்ப்பாணத்தில் ஏ.எல். எடுத்தேன். அதோடு படிப்பு முடிந்தது. இப்போது சாப்பாட்டுச் சாமான் பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மாறுமுறை வேலை. ஏ.எல். இல் புவியியல் ஒரு பாடம். நில அளவைத் திணைக்களத்தின் வரைபடத்தை மேசையில் விரித்துவைத்து, குளம் எது, கோயில் எது, வண்டிப்பாதை எது என்று குறியீடு பார்த்துச் சொல்லுகிற பயிற்சி எனக்கு நல்ல விருப்பம். அந்த விருப்பந்தான் பிறகு என்னை மாட்டிவிட்டது.

ஊர் திறந்தது

எங்கட ஊர் மயிலிட்டி. "எங்கட ஊர்" எண்டு வாயாலே சொல்லுகிறேனே தவிர, 1990 ஆனி மாதம் வலிகாமம் வடக்குச் சனம் எல்லாம் இடம்பெயர்ந்தபோது நான் கைக்குழந்தை. ஊரைப் பார்த்த ஞாபகமே இல்லை. 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகமும் சுற்றியிருந்த காணிகளில் ஒரு பகுதியும் 27 வருஷத்துக்குப் பிறகு சனத்திடம் விடப்பட்டன. அந்தப் படங்கள் கைத்தொலைபேசியில் வந்த நாளில் ஒஸ்லோவில் இருந்த எங்கள் ஊர்க்காரர் பலர் அழுதார்கள். வீடு இல்லை, மதில் இல்லை, பற்றை. ஒழுங்கை எது, வளவு எது எண்டே தெரியவில்லை.

அந்த மாரிகாலத்தில் குரோருட்டில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் நாலு பேர் கூடினோம். ஊரை வரைபடத்தில் ஏற்றிவிட வேண்டும் என்று முடிவெடுத்தோம். கையில் எடுத்தது ஓப்பன் ஸ்ட்ரீற் மப்.

அது என்ன எண்டு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். பிரித்தானியாவில் அரசாங்க வரைபட நிறுவனமான ஓட்னன்ஸ் சேவேயின் தரவுகளைச் சாதாரண ஆட்கள் இஷ்டப்படி எடுத்துப் பாவிக்க முடியாத காலம் அது. 2004 இல் லண்டனில் யுனிவர்சிற்றி கொலிஜில் படித்துக்கொண்டிருந்த ஸ்டீவ் கோஸ்ட் என்பவர், சனமே கூடித் தங்கள் தெருவைத் தாங்களே அளந்து ஒரு பொது வரைபடம் செய்வோம் என்று தொடங்கினார். இன்று உலகம் முழுவதும் ஆட்கள் அதில் எழுதுகிறார்கள். கணக்கு ஒன்று திறந்தால் நீங்களும் எழுதலாம். செய்மதிப் படத்தைப் பார்த்துத் தெருவைக் கோடாக வரைந்து, பெயர் போட்டால் சரி. கொஞ்ச நேரத்தில் உலகமே பார்க்கும்.

அவ்வளவு இலேசு. அதுதான் அதன் பலம், அதுதான் அதன் ஆபத்தும்.

நான் விட்ட பிழை

நாங்கள் வேகமாக வேலை செய்தோம். சில பெயர்களை வேறொரு கம்பனியின் இணைய வரைபடத்தைப் பார்த்து அப்படியே எழுதினோம். அங்கே ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கி எழுதினபோது எழுத்து மாறியது. மிச்சத்தை ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டோம். நான் மாமா என்று கூப்பிடுகிறவர், எண்பதுகளில் நோர்வேக்கு வந்தவர். அவர் செய்மதிப் படத்தைப் பார்த்து, "இது பூவரசடி ஒழுங்கை, தம்பி. கண்ணை மூடிக்கொண்டு நடப்பன்" என்றார். நான் எழுதினேன். ஒரு கட்டிடத்தைக் காட்டி, "இதிலேதான் பிள்ளையார் கோயில்" என்றார். அதையும் எழுதினேன். இரவு இரண்டு மணிக்குப் படுக்கும்போது ஏதோ ஊரையே மீட்ட மாதிரி ஒரு சந்தோஷம்.

இரண்டு கிழமையால் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது. மரியாதையான கேள்விதான். "நீங்கள் சேர்த்த பெயர்களுக்கு மூலம் எது? நேரில் பார்த்தீர்களா?"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. எங்கட ஊர்ப் பெயருக்கு எங்களிடமே சாட்சி கேட்கிறானா? எங்கட புத்தகங்களை 1981 இல் எரித்தார்கள், காணியைப் பிடித்தார்கள், இப்போது ஞாபகத்துக்கும் அத்தாட்சிப் பத்திரமா? அந்த மனநிலையில் சூடாக ஒரு பதில் எழுதினேன். நல்லகாலம், அவர் சண்டைக்கு வரவில்லை. அந்தப் பெயர்களை எடுக்கவும் இல்லை. "தெரிந்தால் சொல்லுங்கள்" என்று மட்டும் எழுதிவிட்டு விலகிக்கொண்டார்.

அடுத்த வருஷம் அதன் பலன் வந்தது. பெரியம்மாவின் மகன் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். அவர் நான் போட்ட வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு, கூலிக்கு ஆள் பிடித்து, காணி துப்புரவாக்கப் போனார். பூவரசடி ஒழுங்கையில் மேற்குப் பக்கம் மூன்றாவது வளவு எங்களுடையது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இரண்டு நாள் பற்றை வெட்டி, கிணற்றையும் இறைத்து முடிந்த பிறகுதான் ஒரு வயோதிப அம்மா வந்து, "தம்பிமார், எங்கட வளவுக்குள்ள ஆரைக் கேட்டு இறங்கினனீங்கள்?" என்று கேட்டிருக்கிறா.

27 வருஷம் அகதியாக இருந்துவிட்டுத் தன் காணியைப் பார்க்க வந்த ஒரு மனுஷிக்கு முன்னால், இன்னொரு அகதிக் குடும்பம் வேலி போட நிற்கிறது. அதற்குக் காரணம் குரோருட்டில் குந்தியிருந்து நான் எழுதின ஒரு பெயர். அந்தத் தொலைபேசி அழைப்பை நான் மறக்கமாட்டேன்.

உறுதியிலே இருந்த விடை

பிறகுதான் பெரியம்மா தன் ட்ரங்குப் பெட்டியிலிருந்து காணி உறுதியின் பிரதியை எடுத்து, படம் பிடித்து அனுப்பினா. யாழ்ப்பாணத்து உறுதி பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எப்படி எழுதப்படும் எண்டு. முதலில் கோயிற்பற்று, பிறகு காணியின் பெயர், பிறகு பரப்பும் குழியும். நாலு திசைக்கும் எல்லை: கிழக்கு இன்னாரின் காணி, வடக்கு ஒழுங்கை என்று. எல்லாவற்றையும்விட முக்கியமாக, எழுதிக்கொடுக்கிறவருக்கு அந்தக் காணி எப்படி வந்தது என்ற விபரம். முதுசமா, சீதனமா, தேடிய தேட்டமா, எந்த ஆண்டு, எந்த நொத்தாரிசு முடித்த எத்தனையாம் இலக்க உறுதிப்படி?

எங்கள் உறுதியில் இருந்தது புளியடி ஒழுங்கை. பூவரசடி அதற்குச் சமாந்தரமாக, அடுத்து ஓடிய வேறு ஒழுங்கை. இரண்டில் ஒன்று மண்ணோடு மண்ணாகப் போய்விட்டது. செய்மதிப் படத்தில் மிஞ்சித் தெரிந்தது ஒன்றுதான். மாமா பொய் சொல்லவில்லை. அவர் ஞாபகத்தில் இருந்த பெயர் உண்மை. அது எந்தக் கோட்டுக்குரியது என்பதில்தான் தவறினார். நான் அதைச் சரிபார்க்காமல், ஆர் சொன்னது எண்டும் எழுதாமல், கல்லில் வெட்டின மாதிரி வெட்டிவிட்டேன். "பிள்ளையார் கோயில்" எண்டு போட்ட கட்டிடமும் பிற்காலத்தில் எழுந்த வேறு கட்டிடம்.

அந்த உறுதியைப் பார்த்த நாளிலிருந்து இதன் சரித்திரத்தைத் தேடத் தொடங்கினேன். எங்கள் ஊர்களில் காணிக்குத் "தோம்பு" என்று ஒரு சொல் உண்டல்லவா? அது போர்த்துக்கேயச் சொல். 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த பறங்கியர் இறை அறவிடுவதற்குக் காணிப் பதிவேடு எழுதத் தொடங்கினார்கள். அவர்களுக்குப் பிறகு வந்த ஒல்லாந்தர் அதை இன்னும் விரிவாக, காணி காணியாக எழுதினார்கள். அவர்கள் எங்கள் நன்மைக்கு எழுதவில்லை, வரிக்கு எழுதினார்கள். ஆனால் ஆர், எது, எவ்வளவு, எப்படி வந்தது என்று எழுதும் பழக்கம் எங்கள் உறுதிகளில் ஊறிவிட்டது.

தேசவழமையும் அப்படித்தான். 1707 இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் அதைத் தொகுத்தபோது, அவர் எழுதினதே வேதம் என்று விடவில்லை. தமிழில் மொழிபெயர்த்து 12 தமிழ் முதலிமாருக்குக் கொடுத்து, "இதுதான் உங்கள் வழக்கமா?" என்று பார்க்கச் செய்தார்கள். தொகுத்தவர் ஒருவர், சரிபார்த்தவர் பன்னிருவர். இதைத்தான் இன்று இணைய வரைபடக்காரர் "சமூகச் சரிபார்ப்பு" என்கிறார்கள். எங்களுக்கு இது 300 வருஷப் பழசு!

அப்படிப்பட்ட வழக்கத்தில் வந்த நான், ஒரு அந்நியன் "மூலம் எது?" எண்டு கேட்டதற்குக் கோபித்தேன். உறுதியில்லாத காணியை எங்களில் ஒருவர் வாங்குவாரா? கலியாணப் பேச்சில் சீதனக் காணி என்றால் நாலு தலைமுறை உறுதியைப் புரட்டிப் பார்க்கிற சனம் நாங்கள்!

குரோருட்டும் ஒரு காணியின் பெயர்தான்

நாங்கள் குடியிருக்கிற இந்த இடத்தையே எடுப்போம். இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்கள் பல பழைய பண்ணைகளின் பெயர்கள். அம்மெருட், குரோருட் என்பவற்றின் முடிவில் வரும் "ருட்" என்றால் காடு வெட்டித் திருத்திய நிலம் என்று பொருள். எங்கள் வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய இடங்கள்போல எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு இங்கே கல்லுடைப்பு வந்தது. குரோருடைற் என்று ஒரு பாறை வகைக்கே இந்த ஊரின் பெயர் உண்டு. அப்போது இது ஆக்கர் பிரதேசம். 1948 இல்தான் ஒஸ்லோவோடு சேர்ந்தது. இந்த மெட்ரோ ரயில் பாதை 1966 இல் வந்தது.

இந்தப் பண்ணைப் பெயர்களை எப்படிக் காப்பாற்றினார்கள் தெரியுமா? ஒலுவ் ரூக் என்ற தொல்லியலாளர் நோர்வேயின் பண்ணைப் பெயர்களை எல்லாம் தொகுத்தார். 1897 முதல் 1924 வரை அந்தத் தொகுதிகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. அவர் 1899 இல் இறந்துவிட்டார். மற்றவர்கள் தொடர்ந்து முடித்தார்கள். அவர் செய்த முறைதான் முக்கியம். ஒரு பெயரை எடுத்தால், அந்த ஊர்ச் சனம் அதை எப்படி உச்சரிக்கிறது என்று எழுதினார். எந்த ஆண்டில், எந்தப் பழைய ஏட்டில், எந்த எழுத்தில் வருகிறது என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். தனக்குச் சந்தேகம் என்றால் சந்தேகம் என்றே எழுதினார். நூறு வருஷம் தாண்டியும் ஆட்கள் அதை நம்பிப் பாவிக்கிறார்கள். காரணம் அவர் பெரிய படிப்பாளி என்பது மட்டுமல்ல, தான் சொன்னதை மற்றவர் போய்ப் பார்க்கக்கூடியதாக எழுதினது.

நோர்வேயிலும் பெயரால் சண்டை இல்லை எண்டு நினையாதேங்கோ. வடக்கே சாமி இனத்தவரின் ஊர்ப் பெயர்கள் கனகாலம் அரச வரைபடங்களில் ஒதுங்கியே இருந்தன. 1990 இல் வந்த இடப்பெயர்ச் சட்டம் சாமி, குவேன் மொழிப் பெயர்களுக்கும் இடம் கொடுத்தது. அப்படியிருந்தும் கோஃபியோர்ட் என்ற இடத்தில் சாமி மொழியில் கைவுவொத்னா என்று எழுதின பலகையைச் சிலர் துப்பாக்கியால் சுட்டார்கள். பலகையைச் சுடலாம். ஆனால் பெயர் ஏட்டில், தகுந்த ஆதாரத்தோடு இருக்கிறது. அதைச் சுட முடியாது.

மூலத்தால் தப்பின வரைபடம்

ஓப்பன் ஸ்ட்ரீற் மப்பும் இந்தப் பாடத்தை அனுபவத்தில்தான் படித்தது.

முதலாவது, கொப்பியடித்தல். 2001 இல் பிரித்தானியாவில் ஓட்டோமொபைல் அசோசியேசன் என்ற பெரிய நிறுவனம் தன் வரைபடங்களுக்கு ஓட்னன்ஸ் சேவேயின் படங்களைக் கொப்பியடித்தது என்ற வழக்கில் 2 கோடி பவுண் கொடுத்துச் சமரசத்துக்கு வந்தது. வரைபடத்தில் இருக்கும் சின்னச் சின்ன அடையாளங்களை வைத்துக் கொப்பியைக் கண்டுபிடித்தார்கள். அதனால்தான் ஓப்பன் ஸ்ட்ரீற் மப்பில் முதல் விதியே இது: வேறு வரைபடத்தைப் பார்த்து எழுதாதே. கால் நடந்து பார், அல்லது பாவிக்க அனுமதி தந்த படத்தைப் பார். நாங்கள் குசினி மேசையில் செய்தது இந்த முதல் விதியையே மீறிய வேலை.

இரண்டாவது, ஆர் எழுதினது என்ற கணக்கு. இந்த வரைபடத்தில் ஒவ்வொரு தெருவுக்கும், வீட்டுக்கும், குளத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. முதல் ஆர் கீறினது, பிறகு ஆர் என்ன மாற்றினது, எந்தத் திகதி, என்ன காரணம் சொல்லி என்றெல்லாம் பதிவாகி இருக்கும். இதன் பெறுமதி 2012 இல் தெரிந்தது. அந்த வருஷம் அவர்கள் தங்கள் உரிமப் பத்திரத்தை மாற்றினார்கள். புது உரிமத்துக்குச் சம்மதிக்காதவர்களும், தேடியும் கிடைக்காதவர்களும் எழுதினவற்றை எடுத்துவிட வேண்டி வந்தது. யூலை மாதம் ஒரு கணனி நிரல் ஒவ்வொன்றின் சரித்திரத்தையும் பார்த்து அவற்றை நீக்கியது. அவுஸ்திரேலியா, போலந்து போன்ற நாடுகளில் நிறையத் தெருக்கள் போயின. சனம் திரும்ப வரைந்தது. நட்டந்தான். ஆனால் ஆர் எழுதினது என்ற பதிவு இருந்தபடியால்தான் அது முடிந்தது. இல்லாவிட்டால் நல்லது கெட்டது பிரிக்கத் தெரியாமல் முழு வரைபடமும் சந்தேகத்துக்குரியதாகி இருக்கும்.

மூன்றாவது, வேண்டுமென்று கெடுத்தல். 2018 ஆவணி மாதம் ஒருவர் நியூயோர்க் நகரத்தின் பெயரையே யூதரை இழிவுபடுத்தும் சொல்லாக மாற்றினார். வரைபடத் தொண்டர்கள் அதைக் கண்டு விரைவில் திருத்திவிட்டார்கள். ஆனால் அதற்குள் அந்தப் பெயரைப் பிரதி எடுத்திருந்த மப்பொக்ஸ் என்ற கம்பனியின் வரைபடத்தில் அது தங்கிவிட்டது. ஸ்னப்சற் போன்றவை அந்த வரைபடத்தையே பாவித்தன. ஓகஸ்ட் 30 ஆம் திகதி கொஞ்ச நேரம் ஆயிரமாயிரம் பேரின் கைத்தொலைபேசியில் அந்தக் கேவலமான பெயர் தெரிந்தது. ஊற்றிலே துப்பினது ஒரு நிமிஷம், வாய்க்காலிலே அது ஓடினது கனதூரம்.

எங்கள் தொழிற்சாலையிலும் இதுதான் கதை. ஒவ்வொரு பெட்டியிலும் லொட் நம்பர் அடிக்கிறோம். எந்த நாள், எந்த மெசினில், எந்தச் சாமான் போட்டுச் செய்தது என்று அந்த நம்பரைப் பிடித்துப் பின்னால் போகலாம். ஒரு பெட்டி பழுது என்றால் அந்த லொட்டை மட்டும் கடையிலிருந்து திருப்பி எடுப்பார்கள். நம்பர் இல்லாவிட்டால் எல்லாவற்றையும் குப்பையில் கொட்ட வேண்டியதுதான். மூலம் இல்லாத பெயரும் லொட் நம்பர் இல்லாத பெட்டி மாதிரி.

எங்கட பெயர்கள்

எங்கள் நாட்டில் பெயர் மாறுவது புதினமல்ல. ஒல்லாந்தர் நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்றார்கள், வேலணைத் தீவுக்கு லைடன் என்றார்கள், காரைதீவுக்கு அம்ஸ்டர்டாம் என்றே பெயர் வைத்தார்கள். டெல்ஃப்ட் மட்டும் இன்றும் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1672 இல் அம்ஸ்டர்டாமில் அச்சான பல்டேயஸ் பாதிரியாரின் நூலிலே எங்கள் கோயிற்பற்றுக்களின் பெயர்கள் ஒல்லாந்த நாக்குக்கு ஏற்ற மாதிரி வருகின்றன. மயிலிட்டியும் அதில் ஒன்று. எழுத்து கோணல்தான். ஆனாலும் 350 வருஷத்துக்கு முன் அந்தப் பெயர் அங்கே இருந்தது என்பதற்கு அது சாட்சி. ஏன்? ஆர் எழுதினது, எந்த ஆண்டு அச்சானது என்று தெரிகிறபடியால்.

ஆங்கிலேயர் 1800 இல் நில அளவைத் திணைக்களத்தைத் தொடங்கினார்கள். ஜே.பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி நூலிலே ஊர்களும் குளங்களும் பதிவாகியிருக்கின்றன. பிறகு எங்கள் காலத்தில், 1988 இல், மணலாறு வர்த்தமானி மூலம் வெலிஓயா ஆனது. வெலி என்றால் மணல், ஓயா என்றால் ஆறு. பெயரை மொழிபெயர்த்துப்போட்டு, பழைய பெயரை எடுத்துவிட்டார்கள்.

இதற்கு மாற்று என்ன? நாங்களும் இரவோடிரவாக வெலிஓயாவை அழித்து மணலாறு என்று எழுதினால், காலையில் இன்னொருவர் அதை அழித்துத் திரும்ப எழுதுவார். அதிலே ஆர் வெல்லுவார்? கணனிக்கு முன்னால் கூட நேரம் குந்தியிருக்கிறவர் வெல்லுவார். உண்மை வெல்லாது. அந்த வரைபடத்தில் தமிழ்ப் பெயருக்கு ஒரு இடம், சிங்களப் பெயருக்கு ஒரு இடம், பழைய பெயருக்கு ஒரு இடம், மூலத்துக்கு ஒரு இடம் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. பழைய பெயர் மணலாறு, மாற்றினது 1988 வர்த்தமானி என்று எழுதிவிட்டால், அதை அழிக்க வருகிறவர் உண்மையைத்தான் அழிக்க வேண்டும். அதைச் செய்தவர் பெயரும் நேரமும் பதிவாகும். மாற்றத்தை மறைப்பதைவிட மாற்றத்தை எழுதி வைப்பது எங்களுக்குப் பலம்.

நல்ல உதாரணமும் எங்கள் பக்கத்திலேயே உண்டு. 2012, 2013 ஆம் ஆண்டுகளில் மட்டக்களப்பு மண்முனை வடக்கில் உலக வங்கியின் உதவியோடு, வெள்ளம், சூறாவளி போன்ற அனர்த்தங்களுக்கு ஆயத்தமாக ஓப்பன் ஸ்ட்ரீற் மப்பில் கட்டிடங்களை எல்லாம் பதிந்தார்கள். ஏறக்குறைய 30,000 கட்டிடங்கள். செய்மதிப் படத்தில் வரைந்ததோடு நிற்காமல் தெருத்தெருவாய்ப் போய், இது என்ன கட்டிடம், எத்தனை மாடி, எதனால் கட்டினது என்று பார்த்து எழுதினார்கள். வெள்ளம் வருகிற நாளில் பாடசாலை என்று போட்ட இடத்தில் பாடசாலை இருக்க வேண்டும். அங்கே பிழைக்கு விலை மனித உயிர்.

திருத்தின விதம்

நான் போட்ட பெயர்களை நானே எடுத்தேன். முன்பு கோபித்துப் பதில் எழுதினவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அவர் சந்தோஷமாகப் பதில் போட்டார். அவர் சிங்களவரா தமிழரா வெள்ளைக்காரரா எண்டு இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அவர் கேட்ட கேள்வி சரியானது, அவ்வளவுதான்.

பிறகு ஊரில் இருக்கிற இளம் பிள்ளைகள் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து, பலகை இருந்தால் படம் பிடித்து, இல்லாவிட்டால் அங்கே இப்போது குடியிருக்கிற இரண்டு மூன்று பேரிடம் கேட்டு அனுப்பினார்கள். அதைத்தான் எழுதினோம். புளியடி ஒழுங்கை இப்போது சரியான இடத்தில் இருக்கிறது. அந்த வயோதிப அம்மாவின் வளவு அவவிடம். எங்கள் வளவு எங்களிடம். பெரியம்மாவின் மகன் வெட்டின பற்றைக்குக் கூலி கேட்கவில்லை. அவ தன் கிணற்றில் இறைத்ததற்கு நன்றி சொல்லித் தேத்தண்ணி கொடுத்தாவாம்.

அழிந்துபோன பூவரசடி ஒழுங்கை? அதற்கு அந்த வரைபடத்தில் இடமில்லை. இன்று தரையில் இருப்பதைத்தான் அங்கே போடலாம். முதலில் எனக்கு அது கவலைதான். ஆனால் இல்லாமற்போனவற்றுக்கென்றே ஓப்பன் ஹிஸ்ரோரிக்கல் மப் என்று வேறொரு வேலை நடக்கிறது. அதில் எந்த ஆண்டு தொடக்கம் எந்த ஆண்டு வரை இருந்தது என்று போடலாம். அதற்கும் ஆதாரம் வேண்டும். ஆகவே மாமாவிடம் திரும்பப் போனேன்.

"என்ன தம்பி, நான் சொன்னதைப் பிழை எண்டு அழிச்சுப்போட்டீராம்?" என்று கேட்டார். முகத்தில் கொஞ்சம் மனத்தாங்கல்.

"அழிக்கேல்லை மாமா. ஆர் சொன்னது எண்டு எழுதாமல் விட்டது என்ர பிழை. இப்ப உங்கட பேரில, நீங்கள் சொன்னபடியே, இண்டைய திகதி போட்டுக் கொப்பியில எழுதப்போறன். நீங்கள் எந்த வருஷம் வரைக்கும் ஊரில இருந்தனீங்கள்?"

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். மூன்று ஞாயிற்றுக்கிழமை எழுதினேன். தெரிந்ததைத் தெரியும் என்றும், கேள்விப்பட்டதைக் கேள்வி என்றும் பிரித்துச் சொன்னார். "இது சரியாத் தெரியேல்லை, தம்பி. அப்பிடியே எழுதும்" என்று இரண்டு இடத்தில் சொன்னார். அந்த இரண்டு இடத்தால்தான் மற்ற நூறு இடத்தையும் நான் நம்புகிறேன்.

ஒரு வேண்டுகோள்

இந்தப் புதுவருடத்தில் வீட்டில் பெரியவர்களிடம் கைவிசேஷம் வாங்கும்போது, பிள்ளைகளே, ஒரு கொப்பியும் பேனையும் கொண்டுபோங்கோ. ஒழுங்கை, கிணறு, குளம், கோயில், தறை, வாய்க்கால் எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கோ. சொன்னவர் ஆர், எந்தத் திகதி, அவர் எந்த ஆண்டு வரை அங்கே இருந்தவர் என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் போடுங்கோ. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கோ. பழைய உறுதி இருந்தால் படம் எடுத்து வீட்டிலேயே கவனமாக வையுங்கோ. காணி ஆருடையது என்ற விபரத்தைப் பொது வரைபடத்தில் ஏற்ற வேண்டாம். அது அங்கே போடுகிற விஷயமும் அல்ல, பாதுகாப்பும் அல்ல. வரைபடத்தில் போடுவதை ஊரில் நிற்கிற ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகு போடுங்கோ.

எங்களிடம் இராணுவமும் இல்லை, வர்த்தமானியும் இல்லை. இருப்பது சாட்சி மட்டுந்தான். பொய்யை ஒருதரம் கலந்தால், நாளைக்கு நாங்கள் சொல்லும் உண்மையையும் "இதுகள் சும்மா எழுதுகிற சனம்" என்று ஒரே அடியில் தள்ளிவிடுவார்கள். இழந்தவர்கள்தான் எல்லோரையும்விடக் கண்டிப்பாக எழுத வேண்டும்.

வாக்கியமோ திருக்கணிதமோ, உங்கள் வீட்டு வழக்கப்படி எந்த நேரத்தில் வருடம் பிறந்தாலும், குரோருட்டிலிருந்து எல்லோருக்கும் என் புத்தாண்டு வாழ்த்துக்கள்.